தராசின் மீது ஒரு சொற்பொழிவு

உடல் எடையைப் பேசிக் குறைக்க முடியாது. இந்த எளிய உண்மையை மற்றவர்கள் போகிற போக்கில் தெரிந்துகொள்கிறார்கள். எனக்கு அதைத் தெரிவிப்பதற்கு ஒரு மைக் செட்டும், ஒரு கண்மாய்க் கரையும், ஒரு கடலை மண்டியும், இலுப்பூரின் மக்கள்தொகையில் கணிசமான ஒரு பகுதியும் தேவைப்பட்டன.

மேடைப் பேச்சில் பழகியவர்களைப் பிடிக்கும் நோய் ஒன்று உண்டு. ஒரு செயலைப் பற்றி அழகாகப் பேசி முடித்ததுமே, அதைச் செய்து முடித்த களைப்பும் நிறைவும் வந்துவிடும். மரம் வளர்ப்பது பற்றிப் பேசிவிட்டு ஊர் திரும்பும்போது, சாலையோரப் புளியமரங்களெல்லாம் நான் நட்டவை என்றே எனக்குத் தோன்றும். தாயன்பு பற்றிப் பேசிய நாள்களில், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் படுத்திருக்கிறேன். (அதான் அம்புட்டுப் பேரு முன்னாடி பேசியாச்சுல்ல!)

நான் சொல்லப்போவது நடந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. வார நாள்களில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியர்; வார இறுதிகளில் பட்டிமன்றப் பேச்சாளர். விழா நோட்டீசில் என் பெயருக்கு முன்னால் நீளமாக ஒரு பட்டம் இருக்கும். மக்கள் வழங்கியது என்று கேட்பவர்களிடம் சொல்வேன். நானே வழங்கிக்கொண்டது என்பது அச்சகத்தாருக்கும் எனக்கும் இடையிலான ஒப்பந்தம். எடை தொண்ணூற்றாறு கிலோ. அதை நான் எடை என்று கருதியதில்லை; மேடைத் தோற்றம் என்று கருதினேன். ஒல்லியானவன் உரக்கப் பேசினால் சண்டை என்பார்கள். பருத்தவன் உரக்கப் பேசினால் முழக்கம் என்பார்கள்.

அந்தத் தோற்றத்துக்கு ஒரு மருத்துவ முகாமில் வினை வந்தது. என் வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் கருவியால் தேய்த்துப் பார்த்த மருத்துவர், "ஈரல்ல கொழுப்பு இருக்கு. நடங்க. சோத்தைக் கொறைங்க. அடுத்து யாரு?" என்றார்.

எனக்கு அதிர்ச்சி அளித்தது கொழுப்பு அன்று. அந்த உரையின் நீளம். ஒரு மனிதனின் வாழ்வையே மாற்ற வேண்டிய செய்திக்கு ஓர் அவைவணக்கம் இல்லை, மேற்கோள் இல்லை, குட்டிக்கதைகூட இல்லை. இப்படிச் சொன்னால் எந்தக் கொழுப்பு கரையும்?

வீட்டுக்கு வந்து தங்கை கோகிலாவிடம் முறையிட்டேன். அவள் அப்போது உடற்கல்விப் படிப்பில் இருந்தாள். பேச்சில் சிக்கனம், ஏச்சில் தாராளம்.

"டாக்டரு சொன்னது சரிதானண்ணே," என்றாள். "சோத்துல பாதியக் கொறை. அந்த எடத்துல காய வையி, கூட முட்டையோ சுண்டலோ வையி. சீனி போட்ட டீய விடு. தெனமும் மூச்சு வாங்குற மாதிரி வேகமா நட. ஒருநா விட்டு ஒருநா உக்காந்து எந்திரிச்சு, படி ஏறி எறங்கு. அப்பத்தான் சதை நிக்கும், கொழுப்பு போகும். பட்டினி மட்டும் கெடக்காத. கெடந்தா மறுநா பானையோட தின்ருவ. நேரத்துக்குத் தூங்கு. அம்புட்டுத்தான்."

"ஊக்கம்?" என்று கேட்டேன். "உள்ளத்தில் ஒரு கனல் மூள வேண்டாமா?"

"கனலெல்லாம் வேணாம். காலையில செருப்ப மாட்டிக்கிட்டு வாசலத் தாண்டு. ஊக்கம் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். நீ போயிட்டு வா."

இந்த வறட்டு உரைநடையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? அன்றே அவளுடைய குறிப்புகளை மேடைக்கு ஏற்றபடி செப்பனிட்டேன். 'சோறு குறையட்டும், சோர்வு மறையட்டும். நடை வளரட்டும், நோய் தளரட்டும்' என்று அதை நான் அடக்கி முடித்தபோது, ஈரலில் இருந்த கொழுப்பு கொஞ்சம் கரைந்தது போலவே இருந்தது.

அந்த ஆடி மாதம் எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவில் பட்டிமன்றம். 'எடை குறைய வழி வாயைக் கட்டுவதா, காலை எட்டிப் போடுவதா?' என்பது தலைப்பு. வாயைக் கட்டும் அணியில் நான். கூட்டம் என் கைக்குள் இருந்தது. சோற்றைப் பற்றி நான் சொல்லச் சொல்ல, அன்னதானப் பந்தலில் இருந்தவர்கள்கூட ஒரு கணம் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார்கள். அந்த உச்சத்தில்தான் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"தம்பி! மொதல்ல நீங்க எறக்கிக் காட்டுங்க, அப்பறம் நாங்க எறக்குறோம்!"

சொன்னவர் குவைத் ராசு அண்ணன். நெடுங்காலம் குவைத்தில் இருந்துவிட்டு, சம்பாதித்த தொப்பையோடு ஊரில் தங்கிவிட்டவர். வரும்போது, நின்ற இடத்திலேயே ஓடுவதற்கு டிரெட்மில் என்ற ஓடுபொறி ஒன்றும் வாங்கி வந்தார். அதன் மீது அவருடைய மனைவி வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் சிரித்தது. குறுக்குக் கேள்விக்கு விடை சொல்லாமல் இறங்குபவன் பேச்சாளன் அல்லன் என்று பயிற்றுவிக்கப்பட்டவன் நான். ஒலிவாங்கியை உருவி எடுத்துக்கொண்டு மேடையின் விளிம்புக்கு வந்தேன். "இந்தச் சபை அறியச் சொல்கிறேன்! தை பிறக்கும், என் எடை பத்துக் கிலோ இறங்கும்! இறங்காவிட்டால், அன்றிலிருந்து ஓராண்டுக் காலம் இந்த ஒலிவாங்கியைத் தொட மாட்டேன்!"

கைத்தட்டலில் பந்தல் அதிர்ந்தது. ஓசை நயத்துக்காகத்தான் பத்து என்றேன். இரண்டு, மூன்று ஆகிய எண்களுக்கும் ஓசை நயம் உண்டு. அந்த நேரத்தில் அவை வாயில் வரவில்லை.

இதற்கு முன்னும் மேடைகளில் நான் எவ்வளவோ சூளுரைத்திருக்கிறேன். தமிழுக்காக உயிரைத் தருவதாக மட்டும் பல ஊர்களில் சொல்லியிருக்கிறேன். எந்த ஊராரும் மறுநாள் வந்து உயிரைக் கேட்டதில்லை. ஆனால் அன்று விழாக் கமிட்டித் தலைவராக இருந்தவர் முத்துக்கருப்பன் மாமா. கடலை மண்டி வைத்திருப்பவர். எதையும் நிறுத்துப் பார்த்தே பழகியவர். அவர் எழுந்து எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, என் கையிலிருந்த ஒலிவாங்கியையும் வாங்கிக்கொண்டார்.

"மாப்ள சபையில சொல்லிட்டாக. கோயில் வாசல்ல சொன்ன சொல்லு, தண்ணியில எழுதுன எழுத்தா போயிரக்கூடாது. தராசு நம்ம மண்டியில இருக்கு. நாளைக்கு ஒரு எடை போடுவோம், தையில ஒரு எடை போடுவோம். என்ன மாப்ள?"

என்ன மாப்ள என்று கேட்டால் என்ன சொல்வது? கைகூப்பினேன்.

அப்போதுகூட எனக்கு அச்சமில்லை. வேறொரு கவலைதான் இருந்தது. மாசித் திருவிழாவுக்குக் கொடும்பாளூரில் ஒரு பட்டிமன்றம் ஏற்பாடு செய்திருந்தார்கள். அதற்கு நடுவர் நான். வாழ்க்கையில் முதல்முறையாக நடுவர்! பள்ளி நாள்களிலிருந்து நான் கண்ட கனவில் ஊர்தி இல்லை, மாளிகை இல்லை. நடுவில் போடப்படும் அந்த உயர்ந்த நாற்காலி ஒன்றே இருந்தது. தையில் வாக்குத் தவறினால் மாசியில் நாற்காலி இல்லை. எனவே குறைத்தே ஆக வேண்டும்.

மறுநாள் மண்டியில் தொண்ணூற்றாறு என்று ஊரறிய எடை போட்டார்கள். அதற்கடுத்த விடிகாலையில் கண்மாய்க் கரைக்குப் போனேன். நடக்கத்தான் போனேன். (சத்தியமா!) அங்கே எனக்கு முன்பாகவே ஒரு சிறு கூட்டம் நின்றது. முத்துக்கருப்பன் மாமா, ராசு அண்ணன், பேருந்து நிலையம் அருகே இட்லிக் கடை நடத்தும் வீரம்மாக்கா, அவர்களுடைய உற்றார் உறவினர்.

"ஒங்க பேச்சக் கேட்டுத்தான் தம்பி வந்தோம்," என்றார் வீரம்மாக்கா. "ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

பேச்சாளனிடம் ரெண்டு வார்த்தை கேட்பது, பசித்த மாட்டை வைக்கோற்போரின் பக்கத்தில் கட்டிவிட்டு ஒரு வாய் மட்டும் தின்னச் சொல்வது போன்றது. மடைச் சுவரின் மேல் ஏறினேன். நான் இறங்கியபோது வெயில் சுள்ளென்று அடித்தது. கடை திறக்க வேண்டியவர்களும் பால் கறக்க வேண்டியவர்களும் நடக்காமலே ஓடிப்போனார்கள்.

இரண்டாம் நாள் மாமா ஒரு தீர்வு கண்டார். "மாப்ள, நீங்க பாட்டுக்குப் பேசுங்க. நாங்க பாட்டுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் நடக்குறோம். போகையில கொஞ்சம் கேக்குறோம், வரையில கொஞ்சம் கேக்குறோம்."

ராசு அண்ணன் குவைத்திலிருந்து கொண்டு வந்திருந்த ஒலிபெருக்கியையும் கம்பியில்லா ஒலிவாங்கியையும் மடைச் சுவரில் பொருத்திக் கொடுத்தார். அன்றிலிருந்து ஊர் நடந்தது, நான் நின்றேன். மழைக்காலத்தில் மண்டிக் கொட்டகைக்குள் மூட்டைகளைச் சுற்றி ஊர் நடந்தது. நான் ஒரு மூட்டையின் மேல் நின்றேன். நான் சொன்னவற்றில் பிழை ஏதும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். கோகிலாவின் அறிவுரைகள்தாம் அத்தனையும். அணிகலன் பூட்டியது மட்டுமே நான். சோற்றைப் பாதியாக்கினார்கள். சீனியைக் கைவிட்டார்கள். வீரம்மாக்கா கடையில் சுண்டல் என்ற புதிய பண்டம் அறிமுகமானது. என் உரையின் தொய்வான பகுதிகளில் நடப்பவர்களின் வேகம் கூடுவதைக் கண்டு, எழுச்சி என்று நினைத்துக்கொண்டேன். ஒலி எட்டாத தூரத்தை விரைவில் அடைவதற்காகவே அந்த வேகம் என்பதைப் பின்னாளில் ராசு அண்ணன் விளக்கினார்.

இதற்கிடையில் எங்கள் வட்டாரத்தின் வழக்கம் ஒன்று தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பேச வந்தவரின் தொண்டையைக் காயவிடக் கூடாது. அவரை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது. வீரம்மாக்கா நடக்க வரும்போதே ஒரு தூக்குவாளியில் கருப்பட்டி போட்ட சுக்குக் காபியும் பணியாரமும் கொண்டுவந்து மடைச் சுவரில் வைத்துவிடுவார். மாமா மண்டியிலிருந்து கடலை உருண்டை அனுப்புவார். ராசு அண்ணன் குவைத்துப் பேரீச்சம்பழம் தருவார். நடக்கப் போகிறவர்கள் வயிறு கனக்கும் என்று எதையும் தொடமாட்டார்கள். தொடுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு பத்திக்கும் நடுவே ஒரு பணியாரம் என்ற ஒழுங்கில் அந்த உரைகள் அமைந்தன.

ஒரு நாள் கோகிலா கரைக்கு வந்து, கைகட்டி நின்று சற்றுநேரம் பார்த்தாள்.

"அண்ணே, நீ எப்ப நடப்ப?"

"படைத்தலைவன் ஓடக்கூடாது கோகிலா. அவன் நின்றால்தான் படை நிற்கும்."

"படை எங்கண்ணே நிக்கிது? அது அந்தா ஓடுது. நீதான் நிக்கிற." பிறகு தூக்குவாளியின் மூடியைத் திறந்து பார்த்தாள். "இதெல்லாம் யாருக்கு?"

"தொண்டைக்கு."

"தொண்டைக்குத்தான் போகுது. அங்கனயே தங்கிருச்சுன்னா தேவல."

புகழ் பரவியது. எடைக் குறைப்பு பற்றிப் பேச அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து அழைப்புகள் வந்தன. குன்றாண்டார்கோவிலில் 'அளவோடு உண்போம்' என்ற தலைப்பில் நான் பேசி முடித்ததும், விழாக்காரர் ஒருவர் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார்.

"எலை போட்டாச்சு, வாங்க."

"வேண்டாங்க, இப்பத்தான் அதைப் பற்றிப் பேசினேன்..."

"பேச்சு பேச்சா இருக்கட்டுங்க. பேச வந்தவுக சாப்புடாமப் போனாகன்னு நாளைக்கு எங்க ஊரச் சொல்லுவாக. உக்காருங்க. ஏப்பா, அந்த ஈரலக் கொண்டா!"

ஈரலில் கொழுப்பு உள்ளவன் ஈரலை உண்டான். ஓர் ஊரின் மானத்தைவிடவா என் இடுப்பளவு பெரிது?

இவ்வளவுக்கும் நான் மெலிந்துவிட்டதாகவே நம்பினேன் என்றால், அதற்கு வேட்டியே காரணம். வேட்டி ஓர் அரசியல் உடை. எந்த வயிற்றோடும் கூட்டணி வைத்துக்கொள்ளும். கால்சட்டை என்றால் பொத்தான் வழியாக எதிர்ப்பைத் தெரிவிக்கும். வேட்டி தெரிவிக்காது. மேலும், நாள்தோறும் எடைக் குறைப்பைப் பற்றிப் பேசுகிறவனுக்கு எடை குறையாமல் எப்படி இருக்கும்?

"ஒரு தடவ மண்டியில போயி ஏறிப் பாத்துக்கண்ணே," என்று மார்கழியில் கோகிலா சொன்னாள். "வாரத்துக்கு ஒருக்கா பாத்தாத்தான் எங்கிட்டுப் போறோம்னு தெரியும்."

"விடை தெரிந்த வினாவுக்குத் தேர்வு எதற்கு?" என்றேன். (இப்ப நெனச்சாலும் என் வாயில ஒண்ணு போடலாம் போல வருது.)

தை பிறந்தது. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, மண்டி வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நான் கைகட்டி நிற்கும் ஃபிளெக்ஸ் பலகை ஒன்று முகப்பில் இருந்தது. அதில் என் இடுப்பை மட்டும் இருபுறமும் நறுக்கியிருந்தார்கள். நறுக்கிய இடத்தில் பின்னால் நின்ற கோபுரமும் சேர்ந்து நெளிந்திருந்தது. கொடும்பாளூர் விழாக் கமிட்டியிலிருந்து சுப்பையா என்பவர் வந்திருந்தார். நடுவர் என்ற இடத்தில் என் பெயர் போட்ட நோட்டீஸ் மாதிரியைச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"எடை முடிஞ்சதும் போன் போட்டுச் சொல்லிட்டா, சாயங்காலமே அச்சடிச்சிருவாகங்க," என்றார். என் கண் அந்தப் பையை விட்டு அகலவில்லை.

மண்டித் தராசு என்பது தரையோடு பதிந்த ஓர் இரும்புத் தட்டு. மூட்டை வைத்தால், பின்சுவரின் உச்சியில் மாட்டியிருக்கும் பெரிய பலகையில் சிவப்பு எண்கள் எரியும். கடலை கொண்டுவரும் விவசாயிகள் தெருவில் நின்றபடியே பார்த்துக்கொள்ளட்டும் என்று மாமா செய்த ஏற்பாடு.

முதலில் நடைக் கூட்டத்தார் ஒவ்வொருவராக ஏறினார்கள். மாமாவுக்கு இறங்கியிருந்தது. ராசு அண்ணனுக்கு அவரே இரண்டு முறை ஏறிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளும் அளவுக்கு இறங்கியிருந்தது. எல்லாரையும்விட அதிகமாக இறங்கியிருந்தது வீரம்மாக்காவுக்கு. ஒவ்வொருவரும் இறங்கிவந்து, எல்லாம் தம்பியின் பேச்சால் என்று எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். பெருமிதத்தில் என் உடல் பூரித்தது. (பூரிப்பதற்கு அது உகந்த நேரமன்று.)

"மாப்ள, வாங்க," என்றார் மாமா.

ஒலிவாங்கியோடு தட்டின் மேல் ஏறினேன். பார்வையாளர்களுக்கு முதுகு காட்டக் கூடாது என்பது மேடையின் முதல் விதி. பள்ளியிலேயே எனக்குள் ஊறிப்போன விதி. ஆகவே தெருவை நோக்கித் திரும்பி, மக்களைப் பார்த்து நின்றேன். சிவப்பு எண்கள் என் தலைக்குப் பின்னால் எரிந்தன.

"பெருமக்களே!" என்று தொடங்கினேன். "மலையைப் பெயர்ப்பவன் வீரன்; தன்னையே பெயர்ப்பவன் மாவீரன்!"

கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. நல்ல தொடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்று உங்கள் கண்முன்னே நிற்பவன் பழைய மனிதன் அல்லன்!"

"ஆமா, ஆமா!" என்று பின்வரிசையில் பலர் கூவினார்கள். சிரிப்பு பெருகியது. ஒருவர் பக்கத்திலிருந்தவரின் தோளில் சாய்ந்துகொண்டார். என் வாழ்நாளில் எந்தக் கூட்டமும் இவ்வளவு விரைவாக என் வயப்பட்டதில்லை.

"நான் இழந்தவற்றை எண்ணிப் பாருங்கள்!"

பெண்கள் பக்கத்தில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். ராசு அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். கோகிலா மட்டும் சிரிக்காமல், ஆள்காட்டி விரலால் என் தலைக்கு மேலே காட்டிக்கொண்டே இருந்தாள். வானத்தைக் காட்டுகிறாள் என்று எண்ணினேன். புகழ் வானளாவியதைத்தான் தங்கை குறிப்பால் உணர்த்துகிறாள் என்று கொண்டேன். எனவே சுருக்கமாக முடிக்க இருந்த உரையை விரித்தேன். உணவுக் கட்டுப்பாட்டைத் தொட்டேன். தன்னடக்கத்தைத் தொட்டேன். 'குறைவதே உயர்வு' என்ற இடத்தில் குரலை ஏற்றி நிறுத்தியபோது, கைத்தட்டல் ஓயவே இல்லை.

கடைசியில் கோகிலா பொறுக்க முடியாமல் கத்தினாள்: "அண்ணே! பின்னாடி பாரு!"

பார்த்தேன். மூன்று இலக்கங்கள். நூற்றொன்று.

முதலில் அது என் எடை என்றே தோன்றவில்லை. ஏதோ அவசர உதவி எண் என்று தோன்றியது. பிறகு நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது. எடையாக இறங்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! சுப்பையாவைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டிருந்தார்.

பட்டிமன்றக்காரன் அவ்வளவு எளிதில் தோற்பானா? "தராசு பிழை!" என்றேன். நான் இறங்கியதும் மாமா எடை தெரிந்த கடலை மூட்டை ஒன்றைத் தூக்கி வைக்கச் சொன்னார். மூட்டை நேர்மையாக இருந்தது.

"இது கொழுப்பன்று, தசை!" என்றேன்.

"நின்னுக்கிட்டே இருந்தா கால்ல சதை வைக்கும்தான்," என்றார் ராசு அண்ணன், தரையிலிருந்தபடியே. "வயித்துலயுமா வைக்கும்?"

பொன்னாடைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மீண்டும் ஏறினேன். கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். மூக்குக் கண்ணாடியையும் கழற்றினேன். அதன்பின் எண் எனக்குத் தெரியவில்லை, ஊராருக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் கடைசி இலக்கம் சற்றே அசைந்து, மரியாதைக்குத் தலையசைத்துவிட்டு நின்றது. நூற்றுக்குக் கீழே அது இறங்கவே இல்லை. இறுதி அம்பாக, மண்டியின் வழக்கத்தையே மாமாவின் மீது எய்தேன்.

"மூட்டைக்குச் சாக்குக் கழிவு தருகிறீர்கள் அல்லவா? ஈரத்துக்குக் கழிவு தருகிறீர்கள் அல்லவா? எனக்கு மட்டும் ஏன் இல்லை?"

மாமா நிதானமாகச் சொன்னார்: "சாக்குக்குக் கழிப்போம் மாப்ள. மண்ணுக்குக் கழிப்போம், கல்லுக்குக் கழிப்போம். பேச்சுக்குக் கழிவு கெடையாது."

வீரம்மாக்காவுக்கு மட்டும் என்மேல் இரக்கம். "விடுங்க, புள்ளய வையாதீக. நடந்தது பூரா நாம, நின்னது அவுக. நம்மகிட்ட எறங்குனது எங்கயாச்சும் போகணும்ல? பக்கத்துல நின்ன புள்ளமேல ஏறிருச்சு."

சபை அறியச் சொன்ன சொல் சபை அறியத் தோற்றது. ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனேன், சொல்ல ஒன்றுமில்லை. அப்படி ஒரு நிலை எனக்கு அதுவே முதல்முறை. பக்கத்தில் வந்து நின்ற கோகிலாவின் கையில் அதைக் கொடுத்தேன். கொடுக்கும்போது விரல்கள் உடனே விடவில்லை. அவள்தான் மெல்லப் பிரித்து வாங்கிக்கொண்டாள்.

ஒலிவாங்கியில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்கு எல்லாரும் வழக்கம்போல கரைக்கு வாங்க. பேச்சு கெடையாது. நடை மட்டும்தான்."

அன்றைய நாளின் மிகப் பெரிய கைத்தட்டல் அதற்குத்தான் விழுந்தது. சுப்பையா விரைந்து வந்தார். என்னிடம் வருகிறார் என்று நினைத்தேன்.

"ஏத்தா, மாசிக்கு எங்க ஊருக்கு நடுவரா வாரியா?" என்று அவளிடம் கேட்டார்.

"எனக்குப் பேச வராதுங்க."

"அதுக்காகத்தான் கேக்குறேன்."

அவள் போகவில்லை. வேறொரு மூத்த பேச்சாளர் நடுவரானார். நான் கொடும்பாளூர் பட்டிமன்றத்துக்குப் பார்வையாளனாகப் போனேன். நடுவர் நாற்காலியின் உயரத்தைக் கீழே இருந்து பார்த்தேன். கழுத்து வலித்தது.

பேசக் கூடாத அந்த ஓராண்டில் என்னதான் செய்வது? கரையில் நின்றால் யாரும் பணியாரம் தரவில்லை. தொண்டை காயாதவனுக்கு எதற்குப் பணியாரம்? வேறு வழியின்றி நடந்தேன். "நாலு வார்த்தை பேச முடியணும், ஆனா ஒன்னால ஒரு சொற்பொழிவு ஆத்த முடியக்கூடாது. அதான் சரியான வேகம்," என்று கோகிலா அளவுகோல் தந்தாள். அந்த அளவுகோல் எனக்கென்றே செய்தது போல இருந்தது. முதல் சில வாரங்களில் எதுவும் நிகழவில்லை. மேடையாக இருந்தால் கைத்தட்டல் இல்லையென்று தலைப்பை மாற்றியிருப்பேன். அவளோ, "மாத்தாத, அப்படியே போ," என்றாள். தட்டில் சோறு பாதியானது, காய் மிகுந்தது. ஒரு நாள் மிகுதியாகத் தின்றுவிட்டால், மறுநாள் பட்டினி கிடந்து பரிகாரம் தேடாமல், வழக்கம்போல உண்டு வழக்கம்போல நடக்கப் பழகினேன். ஊக்கம் சில நாள் வந்தது. பல நாள் வரவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு நான் கிளம்பவில்லை. அடுத்த தையில் தட்டில் ஏறினேன், இம்முறை சுவரைப் பார்த்து. பத்துக் கிலோவும் அதற்கு மேலும் இறங்கியிருந்தது. வாய் திறக்காமல் இறங்கிவந்தேன். மாமா ஒலிவாங்கியை என் கையில் திருப்பிக் கொடுத்து, "சுருக்கமா மாப்ள," என்றார்.

இப்போது நான் நடுவராகவும் சில மேடைகளில் அமர்ந்துவிட்டேன். ஆயினும் அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை விடவில்லை. பேசும்போது கூட்டம் சிரித்தால், நகைச்சுவைக்குச் சிரிக்கிறார்களா, வேறு எதற்காவது சிரிக்கிறார்களா என்ற ஐயம் வந்துவிடுகிறது. கழுத்து தானாகப் பின்னால் திரும்புகிறது. வீட்டிலும் அப்படியே. சாப்பிடும்போது நான் ஒரு வாக்கியத்தைச் சற்று நீட்டினால் போதும், அம்மா முதல் அனைவரும் ஒரே குரலில் "அண்ணே! பின்னாடி பாரு!" என்கிறார்கள். (பெத்த தாயும் அண்ணேங்குது!)

சென்ற ஆண்டு எனக்குத் திருமணம் நடந்தது. பெண் அன்னவாசல்காரி. வரவேற்பில் நன்றி சொல்ல ஒலிவாங்கியை வாங்கினேன். நல்ல நகைச்சுவை ஒன்று சொன்னேன், மண்டபமே சிரித்தது. என்னால் அடக்க முடியவில்லை, திரும்பிப் பார்த்தேன். பின்னால் எண் ஏதும் எரியவில்லை. மணப்பெண் மட்டும் மாலையோடு நின்று, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கும் அதற்குள் யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள்.